சத்தம் போடக்கூடாத கார்ப் பந்தயம்

என் கணவருக்கு இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வருடம் இந்தளவுகூடக் கேட்காது என்று காது வைத்தியர் நயமாகச் சொன்னார். இவர் கவலைப்பட்டது என் குரலுக்காக இல்லை. பன்வில மலைப்பாதையில் நடக்கும் பழைய கார்ப் பந்தயத்தில், பெரிய வளைவில், தன் கார் உறுமுவதை இன்னும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டுமாம். இத்தனை காலம் குடும்பம் நடத்தியவள் பக்கத்திலேயே நிற்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பச்சைக் கார் குண்டசாலை வீட்டுக்கு எனக்கு முன்பே வந்துவிட்டது. கூரை கிடையாது. ஊர் உறங்கும் ஞாயிறு காலையில் அதை ஸ்டார்ட் பண்ணி கராஜுக்குள்ளேயே உறும விடுவார். அலுமாரியில் கிளாஸெல்லாம் குலுங்கும். நான் குசினியில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவருக்கு ஒன்றும் கேட்காது. பந்தயத்துக்கும் வருடா வருடம் என்னை இழுத்துக்கொண்டு போவார். பிளாஸ்கும் கையுமாக அந்த வளைவிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருடம் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. வளைவில் சத்தத்தை அளக்கும் கருவி ஒன்றை நட்டுவைப்பார்கள். கார் கடக்கும்போது அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கார் போட்டியில் இல்லை. செய்தி கேட்டதும் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு போய், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு சைலன்சர் பூட்டிக்கொண்டு வந்தார். ஓடாமல் இருப்பதைவிடச் சத்தமில்லாமல் ஓடுவது மேல் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தயத்தன்று அந்த மலையைவிடச் செத்தவீடு கலகலப்பாக இருந்திருக்கும். காவலுக்கு நின்றவர் விசில் ஊதியதற்கே சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே எல்லா விசிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உற்சாகப்படுத்த வந்த பப்பரே வாத்தியக்காரர் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கிசுகிசுத்தார். வளைவில் ஒரு நாய் படுத்திருந்தது. முதல் கார் வந்தது அதற்குத் தெரியவே இல்லை. ஓட்டியவர் காரை நிறுத்தி இறங்கி, நாயைக் கெஞ்சி ஓரமாக்கிவிட்டு, மறுபடி ஏறிப் பந்தயத்தைத் தொடர்ந்தார்.

நிழலில் இருந்த ஒரே கதிரை கருவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் நான் உட்கார்ந்தேன். கருவிக்குப் பொறுப்பான அதிகாரி நான் இருமினாலும் முறைத்தார். மேட்டில் தேயிலைத் தோட்டத்துச் சனம் குடும்பம் குடும்பமாக வந்து நின்றது. உறுமலைக் கேட்கத்தான் அவர்களும் வருடா வருடம் வருவார்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி என் பக்கம் குனிந்தாள்.

"என்னங்கம்மா, காரையெல்லாம் தள்ளிக்கிட்டா வர்றாங்க?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்தான் எங்கள் பச்சைக் கார் வந்தது. இவர் தலையை என்ஜின் பக்கம் சாய்த்து, இருக்கிற கொஞ்சக் காதையும் தீட்டிக்கொண்டு வந்தார். கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கதவைத் தட்டிவிட்டு யாரும் திறக்காமல் நிற்கும் ஆளின் முகம் அது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

எழுந்து நின்றேன். அடிவயிற்றிலிருந்து "வ்ரூஊஊம்" என்று கத்தினேன். கார் வளைவில் திரும்பியதும் குரலை இறக்கி, ஒரு செருமல் செருமி, கியரை மாற்றி, மறுபடி மேலே ஏற்றினேன். இதையெல்லாம் எப்போது படித்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற பெண்ணும் தொடங்கினாள். பிறகு மேடு முழுக்க உறுமியது. பப்பரேக்காரரும் பொறுமை இழந்து ட்ரம்பெட்டைத் தூக்கிவிட்டார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கார் போட்டியில் இல்லை என்றார் அதிகாரி. சத்தம் போட்டது நான், கார் அல்ல என்று சண்டை பிடித்தேன். கார் கடக்கும்போது கேட்கிற சத்தமெல்லாம் காருடைய சத்தம்தான் என்றார். நாய் குரைத்திருந்தால் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் காருடையதுதான் என்றார்.

இவருடைய கடைசி வாய்ப்பை நானே கெடுத்துவிட்டேன் என்ற பயத்தோடு, காரை ஓரங்கட்டியிருந்த இடத்துக்கு இறங்கிப் போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரிலேயே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ஜின் கத்தாதபடியால்தான் எனக்குக் கேட்டது" என்றார். "வளைவில ரெண்டாம் கியருக்கு மாத்தினது நீர்தானே?"

"ஓம்."

"கொஞ்சம் பிந்தி மாத்திப்போட்டீர்."

குண்டசாலைக்கு வரும் வழியில் எத்தனை வளைவு இருக்கிறதோ அத்தனையிலும் நான் கியர் மாற்ற வேண்டியிருந்தது. பஸ்ஸில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் காதை என் பக்கம் சாய்த்தபடியே ஓட்டினார்.