ஒன்பதாவது உருளை

என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் துருவேறிய குட்டை போல்ட்டுகள் எட்டு, நீள போல்ட் ஒன்று, நடுவில் துளையிட்ட இரண்டங்குல உயரக் கறுப்பு நைலான் உருளை ஒன்று. ஆக, பத்து உருப்படி. மாதம் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் எண்ணியே சம்பளம் வாங்கியவன். ஆனால் இந்த டப்பாவைத் திறப்பது பழக்கத்தால் மட்டுமல்ல. திறந்தால் என் சம்பந்தியின் சிரிப்பு கேட்கும்.

சம்பந்தி, என் மகளின் மாமனார், ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர். தோட்டத்துச் சேற்றில் சிக்குகிறதென்று தம் பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டினார். மாட்டிய பிறகு, லோடோடு ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் அதன்மேல் உட்காரும் பாடிக்கும் நடுவே எட்டு இடத்தில் உருளை வைத்து, பாடியை இரண்டங்குலம் தூக்கிவிட்டால் உரசாது என்று எங்கோ பார்த்துவிட்டு வந்தார். வீட்டு வாசலிலேயே செய்துவிடுவதென்றும் முடிவு கட்டினார். தெரிந்த லேத்துப் பட்டறையில் உருளை கடைந்து கொண்டுபோவது என் பொறுப்பு. எட்டு போதும், நான் ஒன்பது கடையச் சொன்னேன். உருளை வைத்தால் பழைய குட்டை போல்ட் எட்டாது என்பதால் நீள போல்ட்டும் ஒன்பது.

எங்களுக்குள் ஒரு பழைய புண் இருந்தது. கல்யாணப் பந்தியில் சாப்பாடு பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில், நான் வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை விரல் மடக்கி எண்ணினேன். அதை அவர் பார்த்துவிட்டார். தலையை எண்ணிச் சோறு போடுகிறான் என்று பேச்சாகி, ஏழு மாதம் என் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. மகள்தான் இரண்டு பக்கமும் அழுது ஒட்டவைத்தாள். அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் எதையும் வாய்விட்டு எண்ணியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. பிரேக் பைப் இழுபடுமா, ஸ்டியரிங் தண்டு எட்டுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "சம்பந்தி, நீங்க அந்தச் சேருல உக்காருங்க. நீங்க பயப்படறதப் பாத்தா எனக்கு ஸ்பானர் வழுக்குது" என்றார். இடது பக்க போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கியால் தூக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, கட்டையை எடுத்துவிட்டு உருளையை வைத்து முடுக்கினார். பின்னாலிருந்து மூன்று இடம் முடிந்தது. நான்காவதில் கட்டை மட்டும் நின்றபோது சம்பந்தியம்மாள் வந்து நின்றார்.

"வேல எங்க ஓடிடப் போவுது? இல போட்டாச்சு, எந்திரிங்க. வந்த சம்பந்திய ஆறுன சோத்துக்கா உக்கார வெப்பாங்க?"

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தார். களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டு வந்தவர், நேராக வலது பக்கத்துக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்ததென்று கையைத் துடைத்தார். சாமான் பரப்பிய சாக்கின்மேல் இரண்டு உருளை, இரண்டு நீள போல்ட். ஒன்றொன்றுதான் மிஞ்சியிருக்க வேண்டும்.

"மீந்தத, கழட்டுன குட்ட போல்ட்டயும் சேத்து எடுத்துக்கங்க. நீங்கதான் எப்பவும் ரெண்டு கூடவே கொண்டாருவீங்களே" என்று கேலி செய்தார். சொன்னால் இன்னொரு ஏழு மாதமோ என்று பயம். அப்போது என் மகள் வந்து வண்டியின் இடது கதவைத் திறந்து, "இனிமே ஏற ஸ்டூல் போடணும் மாமா" என்று சிரித்தாள். சந்தைக்கு லோடு போகும் நாட்களில் மாமனார் பக்கத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்துதான், தான் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனிக்கு வருவாள். மறுநாள் லோடு.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் எண்ணிட்டேன்" என்றேன். "ஒம்பது கொண்டாந்தேன். ஏழுதான் உள்ள போயிருக்குது."

கல்யாணத்தன்று இறுகியதுபோலவே அவர் முகம் இறுகியது. சாக்கை விரித்து, ஜாக்கியோடு வண்டிக்கடியில் போனார். வெகுநேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு ஒரு கை வெளியே நீண்டது. அதில் கிரீஸ் படிந்த அந்த மரக்கட்டை. என் மகள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே அதுதான் கேபினைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் நழுவியிருக்கும்.

உருளையை வைத்து முடுக்கிவிட்டு வந்து, என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"கல்யாணத்துல எங்க ஆளுங்கள எண்ணுனீங்களே, எத்தன பேருங்க?"

மறைக்க முடியவில்லை. "நூத்தி எழுவத்தி மூணு."

"ஒண்ணு தப்புங்க. கோவத்துல நான் அன்னிக்கிச் சாப்புடவே இல்ல."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சமையலறையிலிருந்து சம்பந்தியம்மாள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப்போய், எட்டு இடத்தையும் தொட்டு, மகளுக்குக் கேட்கும்படி உரக்க எண்ண வைத்தார்.

இப்போது அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நாங்கள் தூக்கிய இரண்டங்குலத்தை ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். தோட்டத்துப் பாதைக்கும் தார் போட்டாகிவிட்டது. போன வாரம் போனில் கேட்டார்: "பழைய டயரயே மாட்டி வண்டிய எறக்கிடலாமுங்களா? அந்தக் குட்ட போல்ட்டு இருக்குதுங்களா?"

"எட்டும் இருக்குது."

"எண்ணிச் சொல்லுங்க."

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்து உரக்க எண்ணினேன். எட்டு வரும்வரை மறுமுனையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வாங்க. இந்த வாட்டி வேல முடிஞ்சப்புறந்தான் சோறு."

அன்று எட்டு உருளைகள் வெளியே வரும். டப்பாவில் இருப்பதோடு ஒன்பதாக வேண்டும். அவர் முன்னாலேயே எண்ணுவேன்.