கடல் கிருமி என்றேன்

ஒரு மாணவியைத் துறையே பார்க்கப் பொய்க்காரி ஆக்கியவன் நான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நடந்தது இது.

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கண்டால் பெராக்சைடு உண்டாக்கும். ஒரு நொதி அதோடு உடம்பிலுள்ள உப்பைச் சேர்த்து, ப்ளீச்சிங் பவுடர் மாதிரி கிருமியைக் கொல்லும் மருந்தாக்கும். அதே வேலையை ஒரு ஜெல் துண்டில் நடத்தி, நடக்கும்போது அது ஒளிரவும் வைப்பதுதான் என் வழிகாட்டலில் அவள் செய்துவந்த ஆய்வு. புண் சீழ்பிடிக்கப் போவதை அந்த ஒளி முன்கூட்டியே காட்டிவிடும் என்பாள்.

ஆய்வுக் கூட்டத்தில் அவள் ஒரு துண்டில் பெராக்சைடு விட்டு விளக்கை அணைத்ததும் ஜெல் நீலமாக ஒளிர்ந்தது. எங்கள் கடலில் சில நாள், தானாக ஒளிரும் நுண்ணுயிர்களால் அலை மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர் என்பதும் தெரியும்.

"அப்பா வலையில ஒட்டுன கடல் கிருமியக் கலந்துட்டியாம்மா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெராக்சைடு விடாத துண்டையும் பாருங்கள் சார் என்று கெஞ்சினாள். பார்க்கவில்லை. வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டேன். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அவள் கல்லூரிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அவள் துண்டுகள் குளிர்பெட்டியில் கிடந்தன. நான் சொன்னதே சரி என்று நிரூபிக்க, ஒரு மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். கடல் கிருமி என்றால் தானாகவே ஒளிர வேண்டும். ஒன்றும் இல்லை, இருட்டு. ஒரு சொட்டு பெராக்சைடு விட்டேன். நீலம் மெல்ல எழும்பி என் விரல்களைக் காட்டியது.

அன்றே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபியைக் கொண்டுவந்து வைத்த அவள் அம்மா கேட்டார்.

"எல்லாரும் சிரிக்க அங்கன சொன்னிய. தப்புன்னு மட்டும் இங்கன வந்து சொல்லுதியளே சார்?"

அடுத்த வாரம் அதே ஆட்களைக் கூட்டினேன். அவள் இரண்டு துண்டுகளையும் காட்டினாள். பார்க்காமலே பழி போட்டேன், தப்பு என்னுடையது என்று எழுந்து நின்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "சாருக்கும் வெளிச்சம் வந்துட்டு" என்றார். இந்தத் தடவை சிரித்தது என்னைப் பார்த்து. அவளும் சிரித்தாள்.

ஆய்வைத் தொடர்ந்தாள், ஆனால் வேறு வழிகாட்டி வேண்டும் என்று கேட்டாள். சம்மதித்தேன். இப்போது முனைவர் பட்டம் பெற்று, வெளியூர் ஆய்வகம் ஒன்றில் அந்த ஜெல்லைப் புண்களுக்குச் சோதித்து வருகிறாள். அவளுடைய கட்டுரைகளில் என் பெயர் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனாலும் ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் பெருமையில் நெஞ்சு நிறைந்துபோகிறது. அதற்காக நான் செய்ததெல்லாம் அவள் வழியிலிருந்து விலகி நின்றது ஒன்றுதான்.