சன்னல் சட்டத்தில் ஐந்து விரல்

நான் பொய் சொல்லவில்லையே. பார்த்தேன், அவ்வளவுதானே. பார்ப்பது எப்படிப் பொய்யாகும்?

அந்த வாரம் முழுக்க அவள் மனதுக்குள் ஓடியது இது ஒன்றுதான். பல் தேய்க்கும்போது ஓடியது. பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஓடியது. மகளுக்குத் தலை துவட்டும்போது கை பாட்டுக்குத் துவட்டியது, இது பாட்டுக்கு ஓடியது.

நடந்ததைத்தான் எழுதுகிறேன். என் நாத்தனாருக்கு நடந்தது. அவளுக்கு இட்டுக்கட்டிப் பேச வராது. பேசினால் காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதில் நடுராத்திரி கிடையாது, மழை கிடையாது. பட்டப்பகல். வெளியே கண் கூசும் வெயில். மணி மூன்று இருபத்தைந்து.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. வெளிப்புறம் பூச வேறு ஆட்கள் உண்டு. காருக்குள்ளே இருக்கும் இரும்பெல்லாம் அவள் பொறுப்பு. ஸ்டியரிங்குக்கு முன்னால் நீளமாக வரும் தகடு, சன்னல்களைச் சுற்றியுள்ள சட்டங்கள், கதவின் சின்னப் பட்டைகள். இந்தக் காலத்துக் காரில் அவை பிளாஸ்டிக். அந்தக் காலத்துக் காரில் அசல் தகரம். கழற்றி, பழைய பெயிண்டை உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, சின்ன அறை ஒன்றில் கம்பியில் தொங்கவிட்டுப் பூச வேண்டும். அவள் பூசிய தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அதனால் பட்டறையில் அவளுக்குப் பெயரே கண்ணாடி. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. எவ்வளவு பெருமை என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்த வேலையில் ஒரு கட்டளை உண்டு. தின்னரில் துடைத்த தகட்டில் வெறும் கை படக்கூடாது. கைப்பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது. பூசிய பிறகு, பிசுக்குள்ள இடத்தில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, விரல் விரலாகக் காட்டும். அப்புறம் எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தேய்ப்பதற்கு ஒரு பெண் இருந்தார். எல்லோருக்கும் உப்புத்தாள் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். படுக்கையோடு கிடக்கும் கணவரை அந்தச் சம்பளத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அழுமூஞ்சி இல்லை.

"பெயிண்ட் காயறத இப்படி உட்கார்ந்து பாக்கற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்டி. கட்டின புருஷன இப்படிப் பாத்திருப்பியா?"

"அவரு இவ்வளவு பளபளன்னு இல்லையே அக்கா."

செவ்வாய்க்கிழமை, அப்போது பட்டறைக்கு வந்திருந்த ஒரு காரின் இடப்பக்கச் சன்னல் சட்டத்தைப் பூசினாள். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் சன்னல். இரண்டு கதவுள்ள பழைய வண்டி. தந்தநிற உள்புறம். முடித்தபோது மணி இரண்டு நாற்பது. மூன்று இருபத்தைந்துக்கு முதலாளி பார்க்க வந்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.

நான்கு விரல் வரிசையாக. சட்டத்தின் மறுபுறம் கட்டைவிரல்.

"யாரு தொட்டது?"

அவளுக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. கையுறை கிழிந்திருந்தது. புதிதை எடுக்க அலமாரி வரை நடக்கச் சோம்பல். துடைத்த சட்டத்தை வெறும் கையோடு தூக்கிக் கம்பியில் மாட்டியது அவள்தான்.

வாயைத் திறந்தாள். கண்ணாடி என்ற பெயர் குறுக்கே நின்றது. திரும்பி, மூலையில் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை முதலாளிக்குப் போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே ஆள் குறைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த நிமிடமே அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்.

அக்கா சத்தம் போடவில்லை. கையைக் கழுவினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். போகும்போது அவள் அருகில் நின்றார்.

"நான் தொடலன்னு உனக்குத் தெரியும்ல?"

அவள் தலையைக் குனிந்து ஸ்ப்ரே கன்னின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை சட்டத்தை அவளே உரித்தாள், அவளே தேய்த்தாள். அக்காவின் பலகையில் உட்கார்ந்து, அக்கா பாதி தேய்த்து வைத்துப்போன உப்புத்தாளால். இரண்டு மணி நேரத்தில் விரல் நுனி எரிந்தது. பதினாறு வருடமாக அக்காவின் விரலை ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது.

இந்தத் தடவை புதுக் கையுறை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு. இரண்டு நாற்பதுக்கு முடித்து, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்று இருபத்தைந்துக்குத் திறந்தாள்.

அதே இடம். நான்கு விரல். மறுபுறம் கட்டைவிரல்.

தன் கையை அதன் மேல் படாமல் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல்கள் நீளம். அந்த விரல்கள் குட்டை. அடுத்து, சட்டம் காரில் எப்படி உட்காரும் என்று மனதில் திருப்பிப் பார்த்தாள். தூக்கி மாட்டுகிறவரின் கை அப்படி விழாது. இருக்கையில் உட்கார்ந்தவர், திறந்த சன்னலை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்தால்தான் அப்படி விழும்.

முதுகு சில்லிட்டது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. இதை முதலாளியிடம் காட்டினால் போதும், அக்கா மீது பழி இல்லை. இந்த நிமிடமே கூப்பிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் இருக்கிறார். ஆனால் கூப்பிட்டால் கண்ணாடி என்ற பெயர் போகும்.

தின்னர்த் துணியை எடுத்தாள். அவசர அவசரமாகத் துடைத்தாள்.

அதைச் சொல்லும்போது என் நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பேயப் பாத்த கதைய யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிடலாம் அண்ணி. இத எப்படிச் சொல்றது?" என்றாள்.

வியாழக்கிழமை பூசி முடித்தபோதும் இரண்டு நாற்பது. அவள் வெளியே போகவில்லை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, சட்டத்துக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். காற்றாடியை நிறுத்தினாள்.

மூன்று மணி. ஒன்றுமில்லை. சுவரில் சாய்த்த ஏணி. தட்டில் அவள் கழற்றி வைத்த கைப்பிடிகள், திருகுகள்.

மூன்று பத்து.

கர்ர்... கர்ர்...

சன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி சுழலும் சத்தம். அந்தக் காரின் கைப்பிடி இரண்டும் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், தட்டில் இருந்தன. குனிந்து பார்த்தாள். அசையவில்லை.

கர்ர்... கர்ர்... கர்ர்...

நின்றது.

மூன்று இருபது. தொங்கும் சட்டம் மெல்ல ஆடியது. காற்று இல்லை.

மூன்று இருபத்துநான்கு.

எழுந்திருக்க நினைத்தாள். முக்காலியின் விளிம்பைத்தான் பிடித்துக்கொண்டாள்.

சுண்டுவிரல் முதலில் விழுந்தது. பெயிண்ட் தானாக விலகியது...

அடுத்த விரல்.

அடுத்தது.

அடுத்தது... மறுபுறம் கட்டைவிரல்.

பிடி இறுகியது. கம்பி முனகியது.

பிறகு நான்கு விரலும் ஒரே நேரத்தில் இழுபட்டன. பின்பக்கமாக. நான்கு நீளக் கோடுகள். யாரோ அந்தக் கையைப் பிடித்துப் பிரித்து இழுத்ததுபோல.

அவள் கத்தவில்லை. "அக்கா..." என்றாள். அவ்வளவுதான் வந்தது.

இந்தத் தடவை அவள் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வண்டிக்குச் சொந்தக்காரம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். அப்பாவின் வண்டி, அவர் போய் ஒரு வருடம், அவர் நினைவாக ஓட்ட ஆசை. அவள் சட்டத்தை எடுத்து வந்து அவருக்கும் முதலாளிக்கும் நடுவே மேசையில் வைத்தாள். முதலாளியின் முகம் கறுத்தது. அந்தம்மா மட்டும் சிரித்தார்.

"அட, இங்கயும் வந்துடுச்சா?"

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"அப்பா வருஷத்துக்கு ஒரு தடவ இத மட்டும் அவரே உட்கார்ந்து பூசுவாரு. யாரோ தொட்டுட்டாங்கம்பாரு. வீட்டு வேலைக்கு வந்த எத்தன பேர இதுக்காக நிறுத்தினாரு தெரியுமா? தோட்டக்காரரு, சமையக்காரம்மா, வண்டி கழுவறவரு... பாவம், ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க."

"மொத மொத யார நிறுத்தினாரு?" கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னைய வளத்த ஆயாம்மா. எனக்கு அப்ப ஏழு வயசு. ஆனா அவங்கள இதுக்காக நிறுத்தல. ஏதோ காணாமப் போச்சுன்னு பேச்சு. அப்பாவே முன்சீட்டுல உட்கார வெச்சு பஸ் ஏத்தக் கூட்டிட்டுப் போனாரு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கிளம்பினாங்க. ஊருக்குப் போனதும் கடுதாசி போடறேன் பாப்பான்னு சொன்னாங்க." அந்தம்மா விரல் தடங்களை லேசாகத் தடவினார். "போடவே இல்ல. அவங்க ஊர்லேர்ந்துதான் அப்புறம் ஆள் வந்து கேட்டாங்க, எங்கேன்னு. அவங்கள பஸ் ஏத்திட்டு வந்த மறுநாளே அப்பா இத மொத தடவ பூசினாரு. நான்தான் பக்கத்துல டப்பாவப் பிடிச்சுட்டு நின்னேன்."

சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்பவர்போல ஒரு கணம் நிறுத்தினார். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சரி, அதெல்லாம் எதுக்கு இப்போ? இன்னொரு தரம் பூசிக் குடுத்துடுங்க."

முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். "அதுக்கென்னம்மா. இங்க தேய்க்கிற பொம்பள ஒண்ணு கை வெச்சிடுச்சு. அன்னிக்கே அனுப்பிட்டோம். கண்ணாடி, நீயே சொல்லேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது. இந்தத் தடவை அவள் வேறு பக்கம் திரும்பவில்லை.

"அக்கா தொடல சார். தொடச்ச சட்டத்த வெறுங்கையால தூக்கினது நான். தெரிஞ்சேதான் அன்னிக்கு அவங்களப் பாத்தேன்."

முதலாளி பல்லைக் கடித்தார். "அத அப்புறம் பேசிக்கலாம். இப்பப் போய் இதப் பூசி முடி."

அவள் சட்டத்தை, அந்த நான்கு கோடுகளும் மேலே தெரியும்படி, அந்தம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இல்ல சார். இத நான் பூச மாட்டேன்."