சனிக்கிழமைக் கப்பல்

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் படுத்து உறங்குகிறது. ஊருக்கு அவள் பம்பரம். அவள் உட்கார்ந்தாள் என்பது நாற்காலிக்கே அவள் எழுந்துபோன பிறகுதான் தெரியும். பதிவு அலுவலகத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்த அன்று, பதிவாளர் பேனாவைத் தேடி எடுத்து நிமிர்ந்தால் மணப்பெண்ணைக் காணோம். மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு கால் ஆடுது சார். பேப்பர மடிச்சு வச்சிருக்கேன், இனி ஆடாது. எழுதுங்க." மடித்து வைத்தது அவர்களுடைய கல்யாண விண்ணப்பம் என்று தெரிந்து, மேசையைத் தூக்கி, காகிதத்தை எடுத்து, நீவி முடிப்பதற்குள் அடுத்த ஜோடிக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை இத்தனைக்கும் இடத்தை விட்டு அசையவில்லை. அவர் சுபாவம் அப்படி. ஒரு வாக்கியத்தை அவர் தொடங்கியதும் நீங்கள் போய்க் குளித்துவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம். சின்ன வயதில் தோளில் ஒரு குருவி கூடு கட்டிவிட்டதென்று குஞ்சுகள் பறக்கும்வரை சட்டையைக் கழற்றாமல் இருந்தவர் என்று அவருடைய தங்கையே சொல்வாள். தங்கை கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். ஆனால் அவரைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை.

இப்படி அசையாத மனிதருக்குக் கிடைத்த வேலையோ உலகம் சுற்றும் வேலை. உல்லாசப் பயணக் கப்பலில் ஸ்டோர்காரர். மாவு மூட்டை, முட்டை அட்டை, வெங்காயம், கழிவறைக் காகிதம் எல்லாம் அவர் கணக்கில். சுற்றியே பழகிய பம்பரத்துக்குக் கரையில் வேலை. ஊர்த் துறைமுகத்தில் பயணிகள் டெர்மினலின் பெட்டிக் கூடத்தில், கம்பிக்கூண்டு வண்டியில் சூட்கேஸ்களை அடுக்கித் தள்ளுவாள்.

அவர் கப்பல் வேறொரு கடலில் ஓடியது. வருஷத்தில் பெரும்பகுதி அங்கே. விடுப்பில் வந்தால் ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி, அதுதான் அவருக்கு. அதன் பின்கால் ஒன்று ஆடும். அவள் திருப்புளியை எடுத்தால் போதும், "வை. நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், விடுப்பு முடிந்துவிடும், நாற்காலி ஆடிக்கொண்டே அவரை வழியனுப்பும்.

இந்த நிலைமையில்தான் செய்தி வந்தது. அவருடைய கம்பெனி புதிதாக ஒரு கப்பல் கட்டுகிறது. இதுவரை கட்டியதிலேயே பெரியது. முன்பக்கத்தில் மழை பெய்தால் பின்பக்கத்தில் இருப்பவர்கள் மறுநாள்தான் கேள்விப்படுவார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். அதை எந்தத் துறைமுகத்தில் குடித்தனம் வைப்பது என்று கம்பெனி யோசிக்கிறது. மூன்று துறைமுகங்களைப் பார்க்கிறார்கள், அதில் இந்த ஊரும் ஒன்று. குடித்தனம் என்றால், வாராவாரம் சனிக்கிழமை காலை கப்பல் அங்கேதான் வந்து நிற்கும், பழைய பயணிகளை இறக்கும், புதியவர்களை ஏற்றும், கிளம்பும். அனுபவப்பட்ட ஸ்டோர்காரர்களைப் புதுக் கப்பலுக்கு மாற்றப் போகிறார்கள். அவர் பெயர் அதில் முதலில் இருந்தது.

பம்பரத்துக்கு அவ்வளவு போதாதா? "வாராவாரம் சனிக்கிழமை உங்க அப்பா வீட்ல!" என்று மகளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிற மகள் தலை கிறுகிறுத்து உட்கார்ந்தாள். "கப்பல் இன்னும் தண்ணியே தொடலம்மா. பாதிதான் கட்டியிருக்காங்களாம்."

"மீதிய நான் போய்க் கட்டிட்டு வரட்டுமா? சொல்லு, போறேன்."

டெர்மினல் கேன்டீனை நடத்துகிற நாத்தனார்தான் தண்ணீர் ஊற்றினாள். குருவிக் கதை சொன்ன அதே தங்கை. "கனவு காணாதீங்க அண்ணி. புதுசு, பெருசு எல்லாம் பெரிய பட்டணத்துக்குத்தான். அங்கதான் ஏர்போர்ட், அங்கதான் ஓட்டல், அங்கதான் ஆயிரம் கார் நிறுத்த இடம். அங்க ஓடித் தேஞ்சத நமக்குத் தள்ளி விடுவாங்க. அக்கா போட்ட சட்ட தங்கச்சிக்கு வர்ற மாதிரி."

"உங்கண்ணன் வீட்டுக்கு வர்றது உனக்குப் பிடிக்கலையா?"

"எங்கண்ணன் வரட்டும். வாசப்படி ஏறி முடிக்கறதுக்குள்ள கப்பல் கிளம்பிடுமேன்னுதான் கவலை."

அதற்குப் பிறகு அவள் தூங்கினாளா என்று கேட்கக் கூடாது. தூர் வாரும் கப்பல் கால்வாயை ஆழப்படுத்தத் தொடங்கியதும், தினமும் வேலைக்குப் போகும் வழியில் கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம் அள்ளுங்கப்பா" என்று கத்துவாள். முகத்துவாரத்தில் இருக்கும் பாலத்தடியில் புதுக் கப்பலின் உச்சி நுழையுமா என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அவள் பாலத்தின் மேல் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "குனிஞ்சு வந்தா வரலாம்" என்றாள். போட்டியிலிருந்த வடக்குத் துறைமுகத்தில் புயல் என்று செய்தி கேட்டால் அவளுக்கு முகம் மலரும். உடனே வெட்கப்பட்டு, அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு முறை விசாரிப்பாள்.

ஒருநாள் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஆழம் அளந்தார்கள், கார் நிறுத்துமிடத்தை நடந்து பார்த்தார்கள், கடைசியில் பெட்டிக் கூடத்துக்கு வந்தார்கள். அதில் ஒரு அம்மாள் கையில் கடிகாரத்தோடு ஒரு தூணருகே நின்றாள். அன்று அங்கே வந்திருந்ததோ ஒரு சின்னக் கிழட்டுக் கப்பல். அதன் பெட்டிகள் இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள்.

"அவங்க பாக்கறாங்க, நிதானமா செய்," என்று காதில் சொன்னார் மேஸ்திரி. பம்பரத்திடம் போய்ச் சொல்கிற சொல்லா அது? அவள் ஓடினாள். மற்றவர்களையும் ஓட விட்டாள். வண்டிச் சக்கரம் புகைந்தது என்கிறார்கள். பயணி தன் பெட்டியைத் தேடி வருவதற்கு முன் பெட்டி அவரைத் தேடிப் போய்க் காலடியில் நின்றது. கழிவறைக்குப் போயிருந்த ஒருவர் வெளியே வந்தபோது அவருடைய பெட்டி கதவருகே காத்திருந்ததாம். கடிகாரக்கார அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டாள், பிறகு சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அறிவிப்பு வந்தது. கப்பல் இந்த ஊருக்குத்தான்.

"என்னாலதான் வந்துச்சு," என்றாள் பம்பரம். நாத்தனார் முதல் தடவையாக இலவசமாக ஒரு டீ கொடுத்தாள். மேஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போனார். புதுக் கப்பல் வந்ததும் கூடத்தின் நடுவே ஒரு மேடை, மின்விசிறி, மைக், சுழலும் நாற்காலி. அதில் உட்கார்ந்து ஆட்களை ஏவுகிற வேலை அவளுக்கு.

கப்பலிலிருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"கேட்டீங்களா? நம்ம ஊருக்கே வந்துருச்சு!"

"கேட்டேன்," என்றார் அவர். "ஆனா அப்படி ஒரு கப்பல் வந்து நிக்கற ஊர்லன்னா… அன்னைக்குத்தான் எங்களுக்கு…"

"அன்னைக்குத்தான் உங்களுக்கு வீட்டுச் சாப்பாடு. தெரியும், தெரியும். என்ன வேணும்னு யோசிச்சு வைங்க. இப்பவே ஆரம்பிச்சாத்தான் சனிக்கிழமைக்குள்ள சொல்லி முடிப்பீங்க."

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அலமாரியை மூன்று இடத்துக்கு மாற்றி, முதல் இடத்துக்கே கொண்டுவந்தாள். அந்த வேகத்திலேயே திருப்புளியை எடுத்து நாற்காலியின் பின்காலையும் முடுக்கிவிட்டாள். இத்தனை வருஷம் ஆடியது இரண்டு திருகில் அடங்கியது.

முதல் சனிக்கிழமை ஊருக்குச் சூரியன் தாமதமாக உதித்தது. கப்பல் மறைத்துக்கொண்டு நின்றது. பெட்டிகள் மலையாக இறங்கின. பம்பரம் மைக்கில் கத்திக்கொண்டே ஒரு கண்ணை வாசலில் வைத்திருந்தாள். வெளியே கேட்டருகே மகள் புதுச் சட்டையோடு நின்றாள். மாலை நான்கு மணிக்குக் கப்பல் ஊதியது. அவர் இறங்கவில்லை. "லோடு ஜாஸ்தி. முடியல," என்று ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் அவர் கேட்வரை வந்தார். மகள் "அப்பா" என்றாள், அவர் கையிலிருந்த வாக்கிடாக்கி கூப்பிட்டது, திரும்பிப் போய்விட்டார். பம்பரம் கூடத்திலிருந்து ஓடி வந்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது.

அன்று கப்பல் கடலில் இருக்கும்போதே போனில் பிடித்தாள். "பொண்டாட்டி பிள்ளையப் பாக்க ஒரு மணி நேரம் கிடைக்காதா? அப்படி என்ன கொம்பு முளைச்ச வேலை?"

அவர் பொறுமையாகத் தொடங்கினார். ஒரு வாரத்துக்கு அத்தனை ஆயிரம் வாய்க்கும் வேண்டியது முழுவதும் அந்த ஒரே நாளில்தான் ஏறும். வேறு ஊர்களில் கப்பல் நிற்கும்போது அவருக்கு ஓய்வு உண்டு, இறங்கி நடப்பார். குடித்தனம் வைத்த ஊரில்தான் மூச்சு விட நேரமில்லை. "அதத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன்," என்றார். அவர் தொடர்ந்தார். "ராத்திரிவரைக்கும் நிறுத்தி வைக்கத்தான் முதல்ல யோசிச்சாங்களாம். இந்த ஊர்ல பெட்டி பறக்குது, நாலு மணிக்கே கிளம்பிடலாம்னு யாரோ கடிகாரத்தோட வந்து பாத்துட்டு எழுதிட்டாங்களாம். எங்க மேனேஜர் சொன்னாரு."

பம்பரம் உட்கார்ந்தாள். தரையில். மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. உங்கப்பா வீட்டுக்கு வர்ற நேரத்த நானே தள்ளிக்கிட்டு ஓடியிருக்கேன்."

அடுத்த சனிக்கிழமை ஒரு திட்டத்தோடு போனாள். மெதுவாக வேலை செய்வது. எல்லாரையும் மெதுவாகச் செய்ய வைப்பது. கப்பல் தாமதமாகட்டும், அப்போது தெரியும். மைக்கைப் பிடித்து, "எல்லாரும் நிதா…" என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல் வாயிலிருந்து வரவே இல்லை. கூடத்தின் மூலையில் ஒரு கிழவர் பெட்டிக்காகக் காலை மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்ததும் மேடையிலிருந்து குதித்துவிட்டாள். அன்று பெட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தன.

"மெதுவா வேல பாக்கறதுக்கும் எங்கண்ணன் மாதிரி திறமை வேணும் அண்ணி," என்றாள் நாத்தனார். இந்தத் தடவை அவள் குரலில் குத்தல் குறைவு.

பம்பரம் நேராக மேஸ்திரியிடம் போனாள். "அண்ணே, என்னைத் துறைமேடைக்குப் போடுங்க. பெட்டிய கப்பல் கதவுவரைக்கும் தள்ளற வண்டிக்கு."

"மூள பிசகிருச்சா? அங்க வெயில் மண்டையப் பொளக்கும். அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் ஆளாளுக்கு என் கால்ல விழறான். உனக்கு ஃபேன், நாற்காலி…"

"அந்த நாற்காலி சுத்துதுண்ணே. நானும் சுத்தறேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துல எதுக்கு?"

"எறங்கிட்டா திரும்பக் கேட்டு வராத. அந்த இடத்துக்கு எட்டுப் பேர் கண்ணு வச்சிருக்கான்."

"எட்டுப் பேரும் மாறி மாறி உக்காரட்டும்."

கப்பலின் விலாவில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு அகலமான இரும்புக் கதவு. பெட்டியும் அதன் வழியாகத்தான், மாவு மூட்டையும் அதன் வழியாகத்தான். வாசலில் ஒரு மஞ்சள் கோடு. கரைக்காரர்கள் அதைத் தாண்டக் கூடாது, கப்பல்காரர்கள் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு காவலாளி. முதல் வண்டியோடு போய் நின்றாள். கோட்டுக்கு அந்தப் பக்கம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, அவர். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் புருவம் மெல்ல மேலே போகத் தொடங்கியது.

"நீ…" என்றார்.

"வண்டி நிக்கக் கூடாதும்மா, நகரு," என்றான் காவலாளி.

நகர்ந்தாள். அடுத்த வண்டியோடு வந்தபோது, "…இங்க எப்படி?" என்று முடித்தார்.

அன்றிலிருந்து அவர்களுடைய குடும்பப் பேச்சு முழுவதும் அந்தக் கோட்டின் மேல்தான். அவள் ஒரு வண்டியில் கேள்வியைத் தள்ளிக்கொண்டு வருவாள், அடுத்ததில் பதிலின் தலை கிடைக்கும், அதற்கடுத்ததில் வால். மகளை வெளியூரில் படிக்க வைக்கலாமா என்ற விவகாரம் பதினோரு வண்டி ஓடியது. நடுவில் ஒரு சண்டை. வெறும் கூண்டோடு ஓடி வந்து சண்டையை முடித்துவிட்டுப் போனாள். அவர் வாக்கியம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நடை அவள் நடக்க வேண்டும். துறைமேடையில் அவளைப்போல ஒருவரும் ஓடியதில்லை. கம்பெனி கிளம்பும் நேரத்தை மூன்று மணியாக்க யோசிக்கிறது என்று கேன்டீனில் ஒரு பேச்சு அடிபட்டது. நாத்தனார் அதை அவளிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, கடைசி வண்டியில், கதவு மூடப் போகும் நேரத்தில் அவர், "அந்த நாற்காலிய…" என்றார். கதவு இறங்கிவிட்டது.

எந்த நாற்காலி? அந்த வாரம் முழுவதும் அவளுக்கு அதே நினைப்பு. மேடை நாற்காலியை விட்டதுக்குத் திட்டப் போகிறார். வெயிலில் கருகாதே, போய் உட்கார் என்று சொல்லப் போகிறார். செவ்வாய்க்கிழமைக்குள் அவருக்கு ஏழு பதில் தயார். வெள்ளிக்கிழமை அந்த ஏழையும் மகளிடம் சொல்லிக் காட்டி, எது நன்றாகக் குத்துகிறது என்று கேட்டாள். சனிக்கிழமை கப்பலைக் கயிற்றில் கட்டி முடிக்கும் முன்பே வண்டியோடு நின்றாள்.

"என்ன நாற்காலி?"

"எந்த நாற்காலி?" என்றார் அவர்.

வண்டியை அப்படியே கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. போய்விட்டு வந்தாள்.

"ஆங்… ஜன்னல் நாற்காலி," என்றார். "கால் ஆடுதுல்ல…"

போய்விட்டு வந்தாள்.

"…லீவுக்கு வர்றப்ப நான் சரி பண்ணிக்கறேன். நீ கை வச்சிராத." சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியாத முகம். "எல்லாத்தையும் நீயே முடிச்சு வச்சுட்டா…"

இந்தத் தடவை அவள் உண்மையிலேயே ஓடினாள்.

"…நான் வந்து என்ன பண்றது?"

ஏழு பதிலில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. "சரி, கை வைக்கல," என்றாள். மஞ்சள் கோட்டைத் தாண்டிச் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் அவளைச் சுட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் திருப்புளியை எடுத்தாள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, முடுக்கியிருந்த இரண்டு திருகையும் தளர்த்தினாள். நிமிர்த்தி வைத்து அழுத்திப் பார்த்தாள். நன்றாக ஆடியது.

"என்னம்மா பண்ற? நல்லா இருந்ததப் போய்…" என்று மகள் வாயைப் பிளந்தாள்.

"பேசாம இரு. அது பக்கம் போகாத."

அவர் விடுப்புக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நாற்காலியைக் கடந்து அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் பம்பரம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நடந்தாள். திருப்புளியை மகளிடம் கொடுத்து, தான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் எங்கே ஒளித்திருக்கிறாள் என்று சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மறுநாளே ஒரு தடவை கேட்டும் பார்த்தாள்.