ஓட்டை மூடாத பேகல்

என் மகள் வெளிநாட்டிலிருந்து இரண்டு வார விடுமுறையில் மாமல்லபுரம் வந்திருந்தாள். முதல் மூன்று நாளும் எழுந்து பல் துலக்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, கடற்கரைக்குப் போகும் தெருவிலுள்ள கஃபேவுக்கு நடந்தாள். அங்கே பேகல் கிடைக்கும். வடையைப் போல நடுவில் ஓட்டை உள்ள, அழுத்தமான ரொட்டி. அவள் இருக்கும் ஊரில் அதுதான் காலை உணவாம். அவளுக்காக அரைத்த மாவில் நான் ஊற்றிய இட்லி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் அவளைத் தேடிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் கடை திறந்தபோது நாளிதழில் அதைப் பற்றி எழுதியவளே நான்.

"யக்கா, பொண்ணுக்கு இனிமே நம்ம கடை நாஸ்தாதான். வூட்ல மீந்துபோற இட்லிய நாய்க்குப் போட்டுட்டு நீயும் இங்கியே வந்துரு," என்றார்.

"இத வீட்டுல செய்ய முடியாதா?"

"உன் கைலயா? நீ பேப்பர்ல எழுதுற ஆளு யக்கா, உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? உக்காரு, டீ சாப்புடு."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை மறந்திருப்பேன். அவளைச் சிரிக்க வைத்ததற்காக அந்த மனிதரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவள் நான். மூன்று இடத்தில் சரிபார்க்காத எதையும் அச்சுக்கு விட்டதில்லை. பேகல் செய்முறைக்கும் அப்படித்தான் மூன்று இடத்தில் தேடினேன். அரை கிலோ மைதா, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. தண்ணீர் குறைவு. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, மணிக்கட்டு வலிக்கும் வரை பிசைய வேண்டும். கடைக்காரரின் முகத்தை நினைத்துக்கொண்டு பிசைந்தேன். கை ஓயவில்லை.

பிசைந்ததை, இட்லி மாவை விடுவது போல, விடியும் வரை அடுப்படி மேடையிலேயே விட்டுவிட்டேன். கடலோரப் புழுக்கத்தில் அது பாத்திரத்தைத் தாண்டி வழிந்து கள் வாடை அடித்தது. அப்படியே குப்பைக்குப் போயிற்று.

அடுத்த முறை ஒரு மணி நேரத்தில் எடுத்தேன். எட்டு உருண்டையாக உருட்டி, விரலை நனைத்து, கைப்பழக்கத்தில் வடைக்குப் போடும் அளவுக்கே ஓட்டை போட்டேன். பேகலைச் சுடுவதற்கு முன் கொதிநீரில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வேகவைக்க வேண்டும். தோல் இறுகுவதும் மெல்லும்போது இழுப்பதும் அதனால்தான். நீரில் மாவு உப்பி, எட்டு ஓட்டைகளும் மூடிக்கொண்டன. மகள் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "விடேம்மா," என்றாள். அன்றும் செருப்பை மாட்டினாள்.

மூன்றாம் முறை ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுச் சுழற்றி, அசிங்கமாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினேன். நிறத்துக்காகக் கொதிநீரில் ஒரு துண்டு வெல்லம், மேலே எள், ஓவனில் இருபது நிமிடம். மகள் வாசற்படி வரை போனவள் திரும்பி வந்தாள். வெண்ணெய் தடவி இரண்டு தின்றாள். "இதுதாம்மா பேகல். அந்தக் கடைல விக்கிறது வெறும் பன்."

ஒரு தாய்க்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் நிரம்பும் நேரம் பார்த்து, நான்கு பேகலைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மகளும் கூட வந்தாள். கல்லாவில் பிரித்து வைத்தேன்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து, பிய்க்க முடியாமல் இழுத்து, கடித்தார். "எங்க வாங்குன?"

"நானே செஞ்சேன்."

உள்ளேயிருந்து வந்த மாஸ்டர் இன்னொன்றைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். "வேக வெச்சிக்கீறாங்க அண்ணாத்த! தண்ணில போட்டு எடுத்தாதான் வரும்னு நான் அன்னிக்கே சொல்லல? 'கேஸு வேஸ்டு, இது இன்னா கொழுக்கட்டயா'ன்னு நீதான கேட்ட?"

கடையே சிரித்தது. கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "நீ உள்ள போய்யா," என்று மாஸ்டரை விரட்டிவிட்டு, என் பக்கம் குனிந்தார். "நல்லாகீது யக்கா."

"கேக்கல."

"நல்லாகீது!" கடைசி மேசை வரை கேட்டது.

மகள் என் முழங்கையை இழுத்தாள். "போதும்மா, பாவம். வா போலாம்."

அவர் கையில் இன்னும் பாதி இருந்தது. நல்ல பேகலை அவசரமாக விழுங்க முடியாது. அவர் தின்று முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன்.