மரைக்கு ஏற்ற குண்டு

பன்றி ஒன்றன் பின்னே வேடனாய் ஓடி, அதைத் தைத்த அம்பு எவருடையது என்று பார்த்தனோடு வழக்காடிய பெருமானின் திருவடி முன்நிற்க.

விஜயதசமித் திருநாள், கல்வி தொடங்கவும் கருவிகளை வணங்கவும் உகந்த நாள். அன்று காலை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நோபல் பார்க்கிலுள்ள என் தங்கை வீட்டுக்கு நான் அழைக்கப்பட்டது பூசைக்காக மட்டுமன்று. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு மலைக்காட்டுக்கு மரை வேட்டைக்குப் போகத் துணிந்திருந்தார். உரிமம் எடுத்தாயிற்று, துப்பாக்கியும் வாங்கியாயிற்று. "அண்ணை, நீங்கள் சொன்னால்தான் கேட்பார். எப்பிடியும் நிப்பாட்டுங்கோ" என்று தங்கை தொலைபேசியில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

மரை என்பது சிறு குதிரையளவு உடம்புள்ள மான். எங்களைப் போலவே கடல் கடந்து வந்து இங்கே பெருகிய இனம்.

பூசையறையில் பாராயணப் புத்தகத்துக்கும் தங்கையின் கத்தரிக்கோலுக்கும் நடுவே, பூட்டிய இரும்புப் பெட்டியொன்று சந்தனப் பொட்டோடு வீற்றிருந்தது.

"இதென்ன மச்சான்?"

"தோட்டா. பூட்டித்தான் வைக்கவேணும், சட்டம். அம்பாளுக்குப் பூட்டு ஒரு தடையே?"

வேட்டையின் பாவத்தை விரித்துரைத்தேன். அவர் தயாராக இருந்தார்.

"உம்மட சிவபெருமானே வில்லோட காட்டுக்குப் போனவர்தானே?"

"அவருக்குக் குறி தப்பாது. உமக்கு?"

"அதுக்குத்தானே பாத்துப் பாத்து வாங்கினனான்!"

பெட்டியைத் திறந்தார். மெல்லிய குண்டு, நடுத்தரம், கனத்தது என மூன்று வகைத் தோட்டாப் பெட்டிகள் இருந்தன. அவர் மனம் மெல்லியதையே நாடியது. சுடும்போது துப்பாக்கியின் உதை குறைவு, தோள் நோகாது என்பது காரணம்.

செய்யுளுக்கு உரை காண்பவனைப்போல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தப் பெட்டி அட்டையின் பின்புறத்தை வாசித்தேன். நரிக்கும் முயலுக்கும் உரியது என்றிருந்தது.

"இது மரையின்ர தோளெலும்பில பட்டால்?"

"சிதறும்."

"எங்கை? நெஞ்சுக்குள்ளையோ?"

"மேல் சதையில."

"அப்ப மரை?"

"ஓடும்."

"புண்ணோட. எத்தினை நாளைக்கு?"

கொல்வது பாவம், குற்றுயிராய்க் காட்டில் விட்டு வருவது அதனினும் கொடிது. பதற்றத்தில் கனத்த குண்டின் அட்டையையும் வாசித்தேன். அதில் ஈயமும் செம்பு உறையும், இறையும் உயிரும்போல் பிரிவறப் பிணைந்திருந்தன. எலும்பைத் துளைத்தும் சிதறாமல், முனை மட்டும் மலர்ந்து, நெஞ்சுவரை போகுமாம்.

"இதை எடும்! மற்றதை அம்பாளுக்கு முன்னால வையாதையும்" என்றேன்.

குசினியிலிருந்து தங்கை கரண்டியோடு வந்தாள். "அண்ணை! வேட்டையை நிப்பாட்டச் சொல்லிக் கூப்பிட்டனான். நீங்கள் குண்டு தெரிஞ்சு குடுக்கிறியள்!"

அடுத்த சனிக்கிழமை, சுடப் பழகும் திடலில், கனத்த குண்டு தன் வலிமையை மச்சானின் தோளிலேயே காட்டியது. இலக்குத் தாள் புதுக்கருக்குக் குலையாமல் நின்றது. சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் சுட முடியாதவரைக் கூட்டிப்போக மாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். மச்சான் தைலம் மணக்க என்னிடம் வந்தார்.

"நடுத்தரத்தை எடுக்கட்டே?"

மீண்டும் வாசித்தேன். மரை வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குண்டெடை அதற்கு இருந்தது. பக்கவாட்டில் நிற்கும் மரைக்கு, அளவான தூரத்தில், விலாவில் பட்டால் போதுமானது. தட்டுக்குள் விழும் நடுத்தரக் குண்டு, வானத்தில் போகும் கனத்த குண்டைவிட இரக்கமுடையது.

"எடும். பக்கவாட்டில நிண்டால் மட்டும் சுடும்" என்று தீர்ப்பளித்தேன். தங்கை என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

சில வாரப் பயிற்சியில் வட்டம் வசப்பட்டது. காட்டுக்குப் போனார். திரும்பியபோது வண்டியின் பின்புறம் வெறுமையாயிருந்தது.

"ஒண்டும் அம்பிடேல்லையோ?" என்றேன்.

"அம்பிட்டது, பெரிய கொம்போட! எனக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு புல்லுத் திண்டது. நானும் காத்து நிண்டன். திரும்பவே இல்லை. இந்தக் குண்டு அதுக்குக் காணாது, பின்னாலயிருந்து நெஞ்சுவரை போகாது."

"அப்ப எல்லாத்துக்கும் காணுற கனத்த குண்டைக் கொண்டுபோயிருக்கலாமே?" என்றாள் தங்கை.

"அதுக்கு என்ர தோள் காணாது."

தங்கையின் முகம் மலர்ந்தது. கேளாமலே என் தட்டில் தோசை வந்து விழுந்தது. "ஆசையெண்டால் அடுத்த கிழமையும் போட்டு வாங்கோவன்" என்று கணவருக்குத் தாராளமாக விடை கொடுத்தாள்.

இதைப் படித்தவர் இல்லத்திலும் பக்கமிருந்து கேட்டவர் இல்லத்திலும் நலம் பெருகுக. அவர்கள் கையால் எவ்வுயிரும் துன்புறாதிருக்க. எம்பெருமான் என்றும் துணை நிற்க.