கோமதியக்காவும் நகர்ந்துகொண்டே இருந்த இரண்டு வாரமும்

கோமதியக்கா போய்விட்டார். காலையில் அவருடைய மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி... அவ்வளவுதான்.

காபி ஆறிப்போச்சு. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இங்கே இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில், தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் ரூமில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவர். நான் டைப்பிஸ்ட்.

ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஏசி ரூம், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகணும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து... எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அக்கா மட்டும் அதோடு சண்டை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மாதாந்திர ஸ்டேட்மென்ட் என்றாலே அவருக்கு எரிச்சல். "ஏட்டி, சீக்குக்கு காலண்டர் தெரியுமா? மாசம் முடிஞ்சிட்டுன்னு நின்னுட்டு, ஒண்ணாந்தேதி புதுசா ஆரம்பிக்குமா?"

அதனால் ஒரு ஃபார்முலா போட்டார். அன்றைய தேதியை ஒரு கட்டத்தில் கொடுத்தால் போதும். அதிலிருந்து இரண்டு வாரம் பின்னால் போய் ஆரம்பத் தேதியை அதுவே கண்டுபிடிக்கும், அந்த இடைவெளியில் வந்த கேஸ்களை மட்டும் எண்ணிக் காட்டும்.

மறுநாள் தேதியைக் கொடுத்தால் ஆரம்பமும் முடிவும் சேர்ந்து நகரும். நடுவில் மாதம் மாறினாலும் அதற்குக் கவலை இல்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் பிரமாதம். சாரல், கூட்டம், பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. ஜூன் கடைசியில் வாந்திபேதி என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

ஜூன் ஸ்டேட்மென்ட் போனது. முதல் பாதியில் கேஸே இல்லை, அதனால் மொத்தத்தில் எதுவும் தெரியவில்லை. ஜூலை அப்போதுதான் பிறந்திருந்தது, அதிலும் நாலைந்து பேர்தான்.

ஆனால் அக்காவின் திரையில் கடைசி இரண்டு வாரத்து எண் தினமும் ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் தேதியைத் தட்டிவிட்டு அவர் என் பக்கம் திரும்பி எண்ணைச் சொல்வார், நான் ஒரு தாளில் குறித்துக்கொள்வேன்.

மேனேஜரிடம் போனோம். "ஜூன் நார்மல். ஜூலை இப்பதானம்மா ஆரம்பிச்சிருக்கு. சீசன் நேரத்துல என்னத்துக்கு ஊரப் பயமுறுத்துதிய?" என்றார்.

அன்று மத்தியானம் வாந்திபேதியில் கீழப்பாவூர்க் குழந்தை ஒன்று இறந்துபோனது. அந்தத் தாயின் குரல் ரெக்கார்ட்ஸ் ரூம் வரைக்கும் கேட்டது.

அக்கா எழுந்து நேரே வார்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கட்டில் கட்டிலாக ஒரே கேள்விதான். "எங்கன தண்ணி குடிச்சிய? எங்கன சாப்பிட்டிய?"

சுந்தரபாண்டியபுரத்து அம்மா ஒருத்தி முனகிக்கொண்டே சொன்னாள். "அருவியில குளிச்சிட்டு மெஸ்ல சாப்பிட்டோம் தாயி. வாசல்ல ரெண்டு வேப்ப மரம் நிக்குமே, அங்கன."

அடுத்த கட்டிலிலும் அதே வேப்ப மரம். அதற்கடுத்த கட்டிலிலும்.

அந்த வேப்ப மரம் அக்காவுக்குத் தெரியும். அது அவருடைய சொந்த அண்ணன் நடத்திய மெஸ். அப்பா இல்லாத வீட்டில் இவரைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்த அண்ணன்.

சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினார். வழி முழுக்க, சாரலுக்கு ஷட்டரைக்கூட இறக்கிவிடாமல் நனைந்துகொண்டே வந்தார்.

மெஸ்ஸில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பின்கட்டில் கிணறு, அதற்கு இந்தப் பக்கம் கக்கூஸ். மழையில் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"அண்ணே, இந்தக் கிணத்துத் தண்ணிய யாருக்கும் குடுக்காத. மெஸ்ஸ மூடிரு."

"சீசன்ல மூடச் சொல்லுதியா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"பிள்ள ஒண்ணு செத்துப்போச்சுண்ணே."

அவர் தங்கையையே பார்த்தார். பிறகு வாளியில் இருந்து ஒரு செம்பு மொண்டு, எங்கள் கண்ணெதிரே மடமடவென்று குடித்தார். "இந்தா, நானே குடிக்கேன். எனக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம்."

அக்கா செம்பைப் பிடுங்கப் போனார். அதற்குள் செம்பு காலி.

"நீ மூடலன்னா காலையில நானே எழுதிக் குடுப்பேன்."

"எழுதிக் குடு. பொறவு இந்த வாசல மிதிக்காத."

எழுதிக் கொடுத்தார். என்னைத்தான் டைப் அடிக்கச் சொன்னார். மெஸ் பெயரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். பெரிய டாக்டர் படித்துவிட்டு உடனே போனை எடுத்தார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து மத்தியானத்துக்குள் மெஸ்ஸைப் பூட்டினார்.

மூன்றாம் நாள் மெஸ் அண்ணாச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் உள்ளே போய், நாக்கு வறண்டு... ஆளே அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பெயரை கம்ப்யூட்டரில் நான் ஏற்றுகிறேன் என்றேன். "வேண்டாம்ட்டி, நகரு" என்று அக்காவே உட்கார்ந்து ஏற்றினார். திரையில் எண் ஒன்று கூடியது.

டிரிப் ஏறிய நாளெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் கண்ணைத் திறந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போதும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மெஸ் திறக்கவே இல்லை. செங்கோட்டைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி.

அக்கா அதற்கப்புறமும் தினமும் காலையில் அன்றைய தேதியைத் தட்டுவார். எண் இறங்கி, பூஜ்யத்துக்கு வந்து, பல நாள் அங்கேயே நின்றது. அப்போதும் விடவில்லை.

"இன்னும் என்னக்கா பாக்குதிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியலட்டி. பாக்காம இருந்தா பயமா இருக்கு."

மகளிடம் இப்போதுதான் பேசினேன். மாமாவுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். மாமா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்றாள்.

செங்கோட்டைப் பக்கம் நண்பர்கள் யாராவது இருந்தால்... குற்றாலத்தில் முன்னே மெஸ் வைத்திருந்த பெரியவர், எண்பது தாண்டியிருக்கும். இருக்கிறாரா என்று கொஞ்சம் விசாரியுங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

போயிட்டு வாங்கக்கா.